21 நாள் பால் இல்லாமல்



பொங்கல் வாழ்த்துப் போட்டதோடு சரி, அதற்குப் பிறகு நான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "டீச்சர், உடம்பு நல்லா இருக்குதுங்களா?" என்று மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள். நன்றாக இருக்கிறேன். ஒரு சின்னப் பரிசோதனையில் இருந்தேன். முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். பதிவு நீளம்தான். சாயங்காலம் டீ குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள். அந்த டீயைப் பற்றியும் இதில் வருகிறது.

பெங்களூரில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்தாள். காலையில் காப்பி கொடுத்தேன். "வேண்டாங்க அம்மாயி, நான் ஜனவரி மாசம் முழுக்க வீகன்" என்றாள். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் வேண்டாமாம். நான் வழக்கம்போலப் பெருமையாக, "நாமதான் தலைமுறை தலைமுறையா சைவமாச்சே கண்ணு. ஒரு உயிரையும் கொல்றதில்லை. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றேன்.

அவள் சிரித்தாள். "அப்போ அந்தப் பீரோல இருக்கிற பட்டுப்புடவை எல்லாம்?" என்று கேட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 33 வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பழகியவள் நான். பட்டுப்புழுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்து பாடம் நடத்தியிருக்கிறேன். கூட்டுக்குள் புழு இருக்கும்போதே கொதிநீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள் என்பதையும் என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். ஒரு புடவைக்கு அப்படி ஆயிரக்கணக்கில் கூடுகள் வேண்டும். பாடத்தை நடத்திவிட்டு, சனிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"சரி அம்மிணி, நானும் இருந்து பார்க்கறேன். ஒரு மாசம் முடியாது. 21 நாள்" என்றேன். ஜனவரி 5 ஆரம்பித்து 25 வரை என்று காலண்டரில் வட்டம் போட்டாள். நடுவில் பொங்கல் வருகிறது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை!

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பாடம். சைவம் என்று நாம் சொல்வது மாமிசம் இல்லாத சாப்பாடு. வீகன் என்பது விலங்கிலிருந்து வரும் எதையும் தவிர்ப்பது. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் நண்பர்களும் இந்தப் பெயரோடு ஒரு சங்கம் தொடங்கினார்கள். வெஜிடேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துகளையும் கடைசி எழுத்துகளையும் சேர்த்துத்தான் வீகன் என்ற சொல் பிறந்தது. வாட்சன் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த வாத்தியார். நம்ம இனம்! 95 வயது வரை இருந்தார். ஜனவரியில் ஒரு மாதம் இருந்து பாருங்கள் என்று அழைக்கும் இயக்கமும் இங்கிலாந்தில்தான் 2014இல் ஆரம்பித்தது. பேத்தி அதைப் பார்த்துத்தான் இறங்கியிருக்கிறாள்.

குறிப்பிட்ட நாளுக்கு ஒன்றை விட்டுவிட்டு இருப்பது நமக்குப் புதிதில்லை. புரட்டாசியில் எத்தனையோ வீடுகளில் கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம். கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம், இஸ்லாமியர்களுக்கு நோன்பு. ஆனால் நம் விரதங்களில் பாலுக்கு விலக்கு கிடையாது. சாமிக்கே பாலாபிஷேகம்தானே. அதனால் இந்த விரதம் எனக்குப் புதுசு.

முதல் வாரம் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பாலை நிறுத்துவது என்றால் காலையும் மாலையும் இரண்டு டம்ளர் காப்பிதானே என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என் சமையல்கட்டில் பால் இல்லாத இடம் குறைவு. அரிசிம்பருப்புச் சாதத்துக்கு நெய். கம்மஞ்சோற்றுக்கு மோர். ரசத்துக்குத் தாளிக்க நெய். ராத்திரி கடைசிக் கவளத்துக்குத் தயிர். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பால் பவுடர். நாட்டு மருந்துச் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடுவேன், அதுவும் கூடாதாம். ராசிபுரம் நெய் என்று ஊர் பேரைச் சொல்லி விற்கிற மண்ணில், முட்டைக்கு நாடே தெரிந்த நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, பூதக்கண்ணாடி வைத்து பிஸ்கட் பாக்கெட் படித்த முதல் கிழவி நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். "உன் விரதம் உன்னோட இருக்கட்டும். என் காப்பியில கை வைக்காதே" என்று சொல்லிவிட்டார். அதனால் தினமும் அவருக்குப் பால் காய்ச்சி நுரை பொங்கக் காப்பி ஆற்றிக் கொடுத்துவிட்டு, நான் கருப்பட்டி போட்ட வரக்காப்பியோடு திண்ணையில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வாசனை மூக்கைத் துளைத்தது. எட்டாம் நாள் பழகிவிட்டது. இப்போது வரக்காப்பிதான் பிடிக்கிறது. அது மட்டும் நானே எதிர்பாராதது.

ராகிக்களி, கொள்ளுக் கடைசல், பச்சைப்பயறு, சந்தகைக்குத் தேங்காய்ப்பால், எள்ளுருண்டை, கடலை உருண்டை. எங்கள் அம்மா காலத்துச் சாப்பாட்டில் பாதி ஏற்கெனவே வீகன்தான், யாரும் பெயர் வைக்கவில்லை. இட்லி சாம்பாருக்கு ஒரு மாற்றமும் தேவையில்லை. நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, மிளகாய்க் காம்பு போட்டு உறைய வைத்துத் தயிர் செய்யச் சொல்லிக்கொடுத்தாள் பேத்தி. தயிர் மாதிரி உறைந்தது. தயிர் மாதிரி இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா?

கடையில் விற்கும் பாதாம்பாலும் ஒரு டப்பா வாங்கிப் பார்த்தேன். அந்த ஒரு லிட்டர் விலைக்கு நாலு லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் வாங்கியிருக்கலாம். கூலிக்குப் போகிற வீட்டில் போய் இதை வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

பொங்கலுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பொங்கல் வைப்பது என் கைப்பொறுப்பு. பானையில் பால் பொங்கி வழிந்தால்தான் குலவை, அப்புறம்தான் அரிசி. அன்றைக்கு நாத்தனாரும் வந்திருந்தார். நான் அரிசி களைந்த தண்ணீரோடு தேங்காய்ப்பாலை ஊற்றினேன். நாத்தனார் பார்த்துவிட்டார். "ஏனுங் அண்ணி, வருஷத்துக்கொரு நாள். பால் ஊத்தாத பொங்கலா? குடும்பத்துக்கு ஆகுமா?" என்று முகம் சுருங்கிவிட்டது.

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். 40 வருடப் பழக்கம். பானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அதுவும் பொங்கத்தான் செய்தது. "பொங்கலோ பொங்கல்" என்று பேத்திதான் முதலில் கத்தினாள். ஆனால் நாத்தனார் அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டி வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். சாப்பிடவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. என் பரிசோதனைக்கு அவர் ஏன் தன் பொங்கலை இழக்க வேண்டும்? சாயங்காலம் ஆவின் பால் வாங்கி, தனியாக ஒரு சின்னப் பானையில் அவர் கையாலேயே வைக்கச் சொன்னேன். அப்புறம்தான் முகம் தெளிந்தது. இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறொரு இடத்தில் தேவைப்படும்.

மறுநாள் பட்டிப் பொங்கல். எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள்தான். மூன்று கறவை மாடு வைத்திருக்கிறாள். வருடா வருடம் கூப்பிடுவாள், போனதில்லை. இந்த வருடம் போனேன். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மாலை போட்டு அழகாக நிறுத்தியிருந்தாள். ஓரத்தில் ஒரு சின்னக் காளைக் கன்று. இரண்டு மாதம் இருக்கும். நெற்றியில் அதற்கும் பொட்டு வைத்திருந்தாள்.

"இதையும் வளர்ப்பியா சாமி?" என்று கேட்டேன்.

"கிடாரின்னா வெச்சுக்குவேனுங்க டீச்சர். இது காளை. இப்ப ஏர் ஓட்டறது யாரு? எல்லாம் டிராக்டரு. இன்னும் கொஞ்ச நாள் போனா வியாபாரி வந்து புடிச்சுக்குவாரு. எங்க போவும்னு நான் கேக்கமாட்டனுங்க. அவரும் சொல்லமாட்டாரு" என்றாள். சொல்லிவிட்டுக் கன்றின் காதைத் தடவிக்கொடுத்தாள்.

பிள்ளைகளே, பசு தானாகப் பால் தருகிறது என்றுதான் நாம் படித்தோம், நானும் அப்படியே நடத்தினேன். "பசு நமக்குப் பால் தரும்." எல்லோரும் எழுதிய கட்டுரையின் முதல் வரி. பசு கன்று போட்டால்தான் பால். ஒன்பது மாதத்துக்கு மேல் சினையாக இருந்து கன்று ஈன்றால்தான் மடியில் பால் ஊறும். பால் வற்றாமல் வர வேண்டுமென்றால் திரும்பத் திரும்பச் சினை ஊசி போட்டு, திரும்பத் திரும்பக் கன்று போட வேண்டும். பிறக்கும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளை. அந்தப் பாதி எங்கே போகிறது என்ற கணக்கை நான் ஒரு நாளும் போட்டதில்லை. கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்த டீச்சர் நான். என் சிறுவயதில் கன்று செத்துப்போனால் அதன் தோலுக்குள் வைக்கோல் திணித்து மாட்டின் முன்னால் நிறுத்திப் பால் கறப்பார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே நிற்கும். அதையும் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து பால் குடித்திருக்கிறேன்.

எனவே, "நாங்கள் சைவம், உயிரைக் கொல்லாதவர்கள்" என்ற என் பெருமை அந்தப் பட்டியில் உதிர்ந்துவிட்டது. கறிக்கடையில் நிற்கிறவருக்கும் எனக்கும் நடுவில் நான் நினைத்த அளவுக்குத் தூரம் இல்லை.

இதற்கு அடுத்த வரியில் "ஆகவே எல்லோரும் பாலை விடுங்கள்" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருந்தால், எழுதப் போவதில்லை. ஏனென்றால் அதே பட்டியில் நின்றுகொண்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். "நீங்க பால் வேண்டாம்னு சொன்னதும் பயந்துட்டனுங்க டீச்சர். எல்லாரும் அப்படிச் சொல்லிட்டா எம் பையன் காலேஜ் பீஸ் யாரு கட்டறது?" விடிகாலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, தீவனம் வைத்து, கறந்து, சொசைட்டிக்குக் கொண்டுபோய், கொழுப்பு இத்தனை, எஸ்.என்.எஃப். இத்தனை என்று மெஷின் காட்டுகிற விலையை வாங்கிக்கொண்டு வந்து அவள் குடும்பம் நடத்துகிறாள். காடு கழனி மழையை நம்பி இருக்கிறது. பால் பணம்தான் மாதா மாதம் கையில் வருகிறது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது குரியன் போன்றவர்கள் கனவு கண்டதும் இதைத்தானே, இரண்டு மாடு மூன்று மாடு வைத்திருக்கும் சின்ன விவசாயி கையில் காசு. உலகத்திலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடாக நாம் ஆனது இப்படிப்பட்டவர்களால்தான். பெங்களூரில் இருந்துகொண்டு பாலை விடச் சொல்வது சுலபம், பட்டியில் நின்று சொல்வது கஷ்டம். பேத்தியிடமும் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டுமே நிஜம்தானுங்க அம்மாயி" என்றாள். நல்ல பிள்ளை.

இனி நான் சொல்லப் போவதுதான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணம். மூன்று வாரமாக மனசில் கிடந்து உறுத்துகிறது.

1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1989இல் அதில் முட்டை சேர்ந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, பிறகு வாரம் ஒன்று, இப்போது பள்ளி நாட்களில் தினமும். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம். முட்டை வந்த அந்த ஆரம்ப வருடங்களில் நான் இருந்த பள்ளிக்கூடத்தில் முட்டை போடும் நாளில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்குக்கூட ஆப்சென்ட் போட வேண்டியிருக்காது. எனக்கோ அந்த வாசனையே ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வரிசையைப் பார்த்துக்கொள்வேன். "முட்டை சாப்பிடாதவங்க என் பக்கம் வாங்க, சாப்பிடறவங்க அந்தப் பக்கம் போங்க" என்று பிரித்து உட்கார வைப்பேன். புலால் மறுத்தல் அதிகாரத்தைக் கதையாகச் சொல்லி, "யாரெல்லாம் முட்டை சாப்பிட மாட்டீங்க? கை தூக்குங்க" என்று கேட்டு, தூக்கியவர்களுக்குக் கைதட்டச் சொல்லியிருக்கிறேன். நல்லது சொல்லிக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண். அப்பா இல்லை. அம்மா தறிக்குப் போகிறவர். எலும்பும் தோலுமாக இருப்பாள், படிப்பில் சுட்டி. ஒரு நாள் அவளும் கை தூக்கினாள். நானும் தலையைத் தடவி "நல்ல புள்ள" என்றேன். அன்றிலிருந்து முட்டை நாளில் என் பக்கம் வந்து உட்கார்ந்து, வெறும் சாதமும் சாம்பாரும் சாப்பிட்டாள். அப்போது வாழைப்பழமும் கிடையாது.

இரண்டு மூன்று மாதம் கழித்து அவள் அம்மா தறியிலிருந்து பஞ்சு ஒட்டிய தலையோடு வந்து நின்றார். "ஏனுங் டீச்சர், எம் புள்ளைக்கு முட்டை போடறது இல்லீங்களாமா? நாங்க சைவமெல்லாம் இல்லீங். வூட்டுல வாங்கித்தர வக்கு இல்லீங்களே, இங்கயாச்சும் திங்கட்டும்னு பாத்தேன்" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீ சாப்பிடு கண்ணு, டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் மறுத்துவிட்டாள். அந்த வருடம் முழுக்கச் சாப்பிடவில்லை. என்னிடம் வாங்கிய அந்த ஒரு "நல்ல புள்ள" அவளுக்கு முட்டையைவிடப் பெரியதாகப் போய்விட்டது.

சென்ற வருடம் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், நான் இன்னமும் முட்டை சாப்பிடறதில்லீங்க. எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்தது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஆனா எம் பசங்களுக்குத் தினமும் ஒண்ணு அவிச்சுக் கொடுத்துடறேனுங்க" என்றாள். அன்றைக்கு எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்டது. பட்டிப் பொங்கல் அன்று அந்தக் கன்றைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் அவள் சொன்னதன் இரண்டாம் பாதி எனக்கு உறைத்தது.

நான் 21 நாள் இருந்தேன். வீட்டில் ராகி இருக்கிறது, எள் இருக்கிறது, கடலை இருக்கிறது, பென்ஷன் வருகிறது, வேண்டாமென்றால் 22ஆம் நாள் நிறுத்திக்கொள்ளலாம். என் விருப்பத்துக்கு விட்டேன், என் விருப்பத்துக்குத் திரும்பினேன். அந்தக் குழந்தைக்கு இதில் எதுவும் இல்லை. பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை இருந்தது. அதையும் அவள் என் முகத்தைப் பார்த்து விட்டாள். நாத்தனாரின் பொங்கல் போகக் கூடாது என்று தனிப்பானை வைக்கத் தெரிந்த எனக்கு, அன்று அந்தப் பிள்ளையின் தட்டைப் பார்க்கத் தெரியவில்லை.

அவளிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேண்டாம்" என்றாள். கண்ணு, இதைப் படித்துக்கொண்டிருப்பாய். டீச்சரை மன்னித்துக்கொள். என் பக்கம், அந்தப் பக்கம் என்று நான் பிரித்து உட்கார வைத்த மற்ற பிள்ளைகளும் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆக, என் கருத்து இதுதான். கொஞ்ச நாள் வீகனாக இருந்து பார்ப்பது நல்லது. யாருக்கு முடியுமோ அவர்கள் கட்டாயம் ஒரு முறை இருந்து பாருங்கள். பத்து நாளாவது இருந்தால் நம் தட்டில் என்னென்ன இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது, அதற்கு யார் யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தெரியும். அதைத் தெரிந்துகொள்வதற்காக இருங்கள். மற்றவர்களைவிட நாம் உயர்ந்தவர்கள் என்று காட்டிக்கொள்ள இருக்காதீர்கள். சைவம் என்று சொல்லிக்கொண்டு நான் செய்த தப்பை, வீகன் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் செய்ய வேண்டாம். ஒருவர் எதை விட வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு மட்டும்தான். குறிப்பாக, ஏழைப் பிள்ளையின் சத்துணவுத் தட்டில் இருக்கும் முட்டையை, எந்தப் பெரிய தர்மத்தின் பெயராலும் யாரும் தொடக் கூடாது. இதை முட்டையே தொடாத ஒருத்தி சொல்கிறேன்.

உடம்பைப் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றரைக் கிலோ எடை குறைந்தது, அதில் பாதி பொங்கல் இனிப்பைக் குறைத்ததால் இருக்கும். சர்க்கரை அளவு பெரிதாக மாறவில்லை. வயிறு லேசாக இருந்தது.

இருந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு டீச்சரின் வீட்டுப்பாடம்:

1. பி12 என்ற வைட்டமின் இயற்கையாக விலங்கு உணவில்தான் இருக்கிறது. மூன்று வாரத்தில் குறைந்துவிடாது, ஈரலில் சேமிப்பு இருக்கும். ஆனால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்தால் மாத்திரையோ அந்தச் சத்து சேர்த்த உணவோ கட்டாயம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பி12 குறைந்திருக்கலாம். நான் டாக்டரிடம் கேட்டு ரத்தம் பரிசோதித்த பிறகுதான் ஆரம்பித்தேன்.

2. கால்சியத்துக்குப் பயப்பட வேண்டாம். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. அதே அளவு பாலில் 120 போல. எள்ளில் அதற்கும் மேல். பருப்பு, பயறு, கடலையைத் தினமும் சேருங்கள்.

3. வளரும் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

4. ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வீகன் ஆனால் உங்கள் சமையலை நீங்களே செய்யுங்கள். இரண்டு அடுப்புச் சமையலை மனைவி தலையிலோ அம்மா தலையிலோ கட்டாதீர்கள். நான்தான் சமைக்கிறவள் என்பதால் எனக்குச் சுலபமாகப் போயிற்று. எங்கள் வீட்டுக்காரர் இந்த விரதம் எடுத்திருந்தால் அதுவும் என் வேலையாகத்தான் ஆகியிருக்கும்.

5. தவறினால் தவறிவிட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் தொடருங்கள். காந்தியடிகள் 1912இல் பாலை விட்டார். பின்னர் கடும் நோயில் விழுந்தபோது, விரதம் எடுத்த நேரத்தில் நினைத்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே என்று ஆட்டுப்பாலுக்குச் சம்மதித்தார். அது மனசை உறுத்திக்கொண்டே இருந்ததையும் தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார். நானும் 13ஆம் நாள் ஒரு வீட்டில் கொடுத்த லட்டை யோசிக்காமல் வாயில் போட்டுவிட்டேன். பாதி தின்ற பிறகுதான் நெய் நினைவு வந்தது. மீதியையும் தின்றுவிட்டேன்.

இப்போது என்ன செய்கிறேன்? வரக்காப்பி நிலைத்துவிட்டது. தயிர் மதியம் மட்டும். பாலை முழுக்க நிறுத்தவில்லை. ஒரு லிட்டர் வாங்கிய இடத்தில் அரை லிட்டர் வாங்குகிறேன். மீதி அரை லிட்டரைப் பக்கத்துத் தெருவில் குழந்தை உள்ள வீட்டில் ஊற்றச் சொல்லி, காசை நானே கொடுக்கிறேன். அதனால் பால்காரிக்கும் நஷ்டமில்லை. இது சரியான தீர்வா என்று கேட்காதீர்கள், எனக்கு இப்போதைக்கு வந்த விடை இதுதான். புதிதாகப் பட்டு எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இருப்பதைக் கட்டிக் கிழிப்பேன்.

அந்தக் காளைக் கன்று போன வாரம் போய்விட்டது. நான் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

யாராவது இருந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் கீழே எழுதுங்கள். முடித்துவிட்டு என்ன தெரிந்தது என்றும் எழுதுங்கள். மதிப்பெண் கிடையாது, கைதட்டலும் கிடையாது. படித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்